யெல்லோ ராட்டில்

யெல்லோ ராட்டில் ஐரோப்பாவின் இயற்கைப் புல்வெளிகளில் வளரும் ஒருபருவக் காட்டுப் பூச்செடி. தாவரவியல் பெயர் ரைனாந்தஸ் மைனர், குடும்பம் ஒரோபாங்கேசியே. மேற்கு ஆசியாவிலும் வட அமெரிக்காவின் வட பகுதிகளிலும்கூட இது உண்டு. பிரிட்டனில் வெறும் புல்தரையைப் பூம்புல்வெளியாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப் போவது இதன் விதையைத்தான். பூவின் அழகு அதற்குக் காரணமில்லை. பார்வைக்கு அது சுமார் ரகம். செடியின் உண்மையான வேலை மண்ணுக்கடியில், புல்லின் வேரில் நடக்கிறது.

செடி 25 முதல் 50 செ.மீ. உயரம் வளரும். காம்பற்ற இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். அவற்றின் ஓரம் ரம்பப் பல் போல வெட்டுப்பட்டது. மே முதல் ஆகஸ்ட் வரை ஈருதட்டு வடிவ மஞ்சள் பூக்கள் வரும். பூ வாடியபின் புல்லிவட்டம் தட்டையான பை போல உப்பி நிற்கும். அதனுள் கனியும், கனிக்குள் மெல்லிய இறகு விளிம்புள்ள தட்டை விதைகளும் இருக்கும். காய்ந்த செடியை அசைத்தால் விதைகள் கலகலக்கும். அந்தச் சத்தம் கேட்டால் தீவனப்புல் அறுப்புக்குத் தயார் என்பது பழைய உழவர்களின் கணக்கு.

புல்லை அடக்கும் விதம்

பூம்புல்வெளிக்குப் பெரிய எதிரி வளமான மண். உரம் கண்ட நிலத்தில் புல் மளமளவென்று உயர்ந்து, மற்ற செடிகளுக்கு வெளிச்சம் விடாமல் மூடிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த பூ நிறைந்த புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் 1984-க்குள் அழிந்துபோனதற்கு உழுது மறுவிதைப்பு செய்ததும், ரசாயன உரமும், சைலேஜ் என்னும் ஊறுகாய்ப்புல்லுக்காகப் பருவத்துக்கு முன்பே புல்லை அறுத்ததும் முக்கியக் காரணங்கள். உரத்தை நிறுத்திவிட்டால் மட்டும் மண் உடனே மெலிந்துவிடாது. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் யெல்லோ ராட்டிலின் பங்கு. இது அரை ஒட்டுண்ணி. பச்சை இலைகளால் தானே உணவு தயாரித்துக்கொள்ளும். ஆனால் நீரையும் தாதுக்களையும் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சு உறுப்புகளைப் பதித்து எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் கரிமப் பொருளையும் சேர்த்து. இதன் இலைத்துளைகள் இரவிலும் திறந்தே இருப்பதால் நீராவிப்போக்கு நிற்பதில்லை. அந்த இழுவையில் புல்லின் சாறு இடைவிடாமல் இந்தப் பக்கம் வருகிறது. புற்களும் குளோவர் போன்ற பயறுவகைச் செடிகளும் இதற்கு எளிதில் இரையாகும். ஆக்ஸ்ஐ டெய்சி, ரிப்வொர்ட் பிளான்டெய்ன் போன்ற அகன்ற இலைச் செடிகள் சிலவற்றின் வேர் உறிஞ்சு உறுப்பை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. புல் மெலிந்து, டெய்சி தப்பிப் பிழைப்பதன் ரகசியம் இதுதான். புல்லில் விழும் இடைவெளிகளில் மற்ற பூச்செடிகளின் விதைகள் முளைக்கின்றன.

தமிழ்நாட்டில் சோளத்தையும் கரும்பையும் வாட்டும் சுடுமல்லி இதே குடும்பத்து வேர் ஒட்டுண்ணி. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, பக்கத்தில் பயிரின் வேர் வந்து அதன் கசிவு பட்ட பிறகே முளைக்கும். யெல்லோ ராட்டில் விதை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. குளிர் பட்டதும் தானே முளைக்கும், முளைக்காதது சீக்கிரம் செத்துவிடும். களையாக இதைக் கண்டு தோட்டக்காரர்கள் பயப்படாததற்கும், வளர்க்க முயன்று பலர் தோற்பதற்கும் இதே குணம்தான் காரணம்.

விதைப்பு

அந்த ஆண்டு அறுவடையான புது விதையே வேண்டும். பழைய விதையை விலை மலிவு என்று வாங்குவது வீண் செலவு. விதைக்குப் பல வாரக் குளிர் தேவைப்படுவதால் ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையில் தூவிவிட வேண்டும். வசந்தத்தில் தூவினால் முளைக்காது.

முதலில் புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை வாரி அப்புறப்படுத்திவிட்டு, இரும்பு வாரியால் ஏறக்குறைய பாதி மண் வெளியே தெரியும்வரை சுரண்ட வேண்டும். தயக்கமில்லாமல் சுரண்டுவது நல்லது. பச்சைப் பசேலென்ற தரையின் மேல் தூவிய விதை மண்ணைத் தொடாமலே மட்கிப்போகும். சதுர மீட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை போதும். மண்ணால் மூடாமல் காலால் மிதித்துவிட்டால் சரி. பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை முளைகள் தெரியும். அதற்குமுன் குளிர்காலத்தில் புல் உயர்ந்திருந்தால் வெட்டலாம், முளை வந்தபின் கூடாது.

விதை வாங்காமலும் இதைப் பரப்பலாம். நல்ல புல்வெளியில் விதை முற்றிய சமயத்தில் அறுத்த ஈரப்புல்லை, சில மணி நேரத்துக்குள் புது நிலத்தில் கொண்டுபோய்ப் பரப்புவது ஒரு முறை. அன்றைய இளவரசர் சார்லஸின் முன்னெடுப்பில் 2013-இல் தொடங்கிய கரோனேஷன் மெடோஸ் திட்டம் பிரிட்டனின் பழைய புல்வெளிகளிலிருந்து இப்படித்தான் புதியவற்றை உருவாக்கியது. அந்த ஊருக்கே உரிய செடிகள் கலந்து வரும் என்பதால், பொட்டல விதையைவிட இதுவே மேல்.

வெட்டும் காலம்

விதை உதிரும் முன் ஒரே ஒரு முறை வெட்டிவிட்டாலும் மறுவருடம் செடி இருக்காது. மண்ணில் சேமிப்பு விதை கிடையாது. மே மாதம் முழுக்கப் புல்லை விட்டுவைத்து ஜூன் முதல் வாரம் இயந்திரத்தை ஓட்டும் பழக்கம் டான்டிலியனுக்கு ஒத்துவரும், யெல்லோ ராட்டிலுக்கு ஒத்துவராது. ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ வெட்டி, ஓரிரு நாள் அங்கேயே காயவிட்டு விதை உதிர்ந்ததும் புல்லை வாரிவிட வேண்டும். வாராமல் விட்டால் அது மட்கி மண்ணுக்கு உரமாகிவிடும். ஒரு வருட உழைப்பு அத்தோடு போயிற்று.

பயனும் எல்லையும்

பம்பிள் தேனீக்கள் இதன் பூவுக்கு வருகின்றன. அவை வராத இடத்தில் தன்மகரந்தச் சேர்க்கையாலும் விதை பிடிக்கும். கிராஸ் ரிவ்யுலெட் என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் இதன் கனிக்குள் இருந்து விதையைத் தின்று வளர்கின்றன. செடியில் ஆக்யுபின் போன்ற கசப்பான கிளைக்கோசைடுகள் இருப்பதால் கால்நடைகள் அதிகம் தின்றால் கெடுதல்.

முரட்டுப் புல் அடர்ந்த, உரம் கொழித்த நிலத்தில் இளஞ்செடி நிழலில் நசுங்கிவிடும். டாக், நெட்டில் போன்ற பலபருவக் களைகளை இதை நம்பி விட்டுவைப்பதும் வீண்; அவற்றைக் கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். சரியாக வேரூன்றிய இடத்திலும் இது ஒரே அளவில் நிற்பதில்லை. ஒரு திட்டில் புல் மிகவும் மெலிந்துபோனால் உறிஞ்ச வேர் போதாமல் அங்கே செடி குறையும், அடுத்த வருடம் சற்றுத் தள்ளிப் புல் அடர்ந்த திட்டில் மஞ்சள் தெரியும்.