வேவ் ஹில்: கணக்கில் வராத மனிதர்

பெரும் மாட்டுப்பண்ணை ஒன்றை விலைபேச வருவோர் நிலத்தின் பரப்பையும் புல்லின் தரத்தையும் முதலிற் கேட்பர். பின்னர் வற்றாத நீர்நிலைகள், ஆழ்கிணறுகள், காற்றாடிகள், வேலிகள், பட்டிகள், துறைமுகத்துக்குள்ள தூரம் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வர். மாடுகளின் தொகையும் அப்பட்டியலில் இருக்கும். அம்மாடுகளை மேய்ப்பவர் யார், அவர் உண்பது யாது, அந்நிலம் முன்னர் யாருடையது என்னும் கேள்விகளுக்கு அங்கே இடமிராது. அவுஸ்திரேலியாவின் வட ஆள்புலத்திலுள்ள வேவ் ஹில் பண்ணையின் வரலாறு இந்த விடுபட்ட பகுதியின் வரலாறேயாகும்.

டார்வின் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவில், விக்டோரியா ஆற்றின் மேற்பகுதியில் இப்பண்ணை அமைந்துள்ளது. வெப்பமண்டலப் பருவமழை நாடு அது. ஆண்டின் மழை பெரும்பாலும் டிசெம்பர் முதல் மார்ச் வரையிற் கொட்டித் தீர்ந்துவிடும். அப்போது கரிசல் மண் குதிரையின் காலையும் விடாது பற்றும் சேறாகும். பின்னர் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். எனினும் அங்கு வளரும் மிற்செல் புல், காய்ந்து வைக்கோல் நிறமான பின்பும் சத்துக் குன்றாதது. 1883ல் நற் புக்கனன் என்னும் மந்தையோட்டி இந்நிலத்தைப் பிடித்துப் பண்ணையாக்கியதற்குக் காரணம் இந்தப் புல்லும் ஆற்று மடுக்களுமே.

அந்த மடுக்கள் வெறும் நீர்நிலைகளல்ல. குரிண்ஜி மக்களுக்கு அவை உணவும், முன்னோர் உறையும் புனித இடங்களுமாக இருந்தன. மாடுகள் இறங்கிக் கலக்கிய நீரும், மிதிபட்டழிந்த கிழங்கு நிலமும் அம்மக்களின் பிழைப்பைக் குலைத்தன. எதிர்த்தோர் சுட்டுக் கொல்லப்பட்ட கதைகளை அவர்களின் முதியோர் அண்மைக்காலம் வரை சொல்லிவந்தனர். எஞ்சியோர் பண்ணையின் ஓரத்திற் குடியேறி, தம் சொந்த மண்ணிற் பிறர் மாட்டை மேய்ப்போராயினர்.

1914ல் பண்ணை வெஸ்டி குடும்பத்தின் கைக்கு மாறியது. லிவர்பூல் நகரத்து இறைச்சி வணிகரான இவர்கள் மேய்ச்சல் நிலம், குளிர்க் களஞ்சியம், கப்பல் நிறுவனம், இங்கிலாந்தின் தெருவோர இறைச்சிக்கடை ஆகிய அனைத்தையும் தமதாக்கியிருந்தனர். புல்லிலிருந்து உணவுமேசை வரை இலாபம் ஒரே பைக்குட் சென்றது. டார்வினில் அவர்கள் 1917ல் திறந்த இறைச்சித் தொழிற்சாலை 1920ல் மூடப்பட்டது. அதன்பின் மந்தைகளைக் குதிரைவீரர் நெடுந்தூரம் கால்நடையாகவே ஓட்டிச் சென்றனர்.

வடக்கின் வெயிலையும் உண்ணியையும் பிரித்தானிய மாடுகள் தாங்கமாட்டாமையால், 1933ல் அமெரிக்காவிலிருந்து பிராமன் இன மாடுகள் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. குஜராத்தின் கிர், ஆந்திரத்தின் ஓங்கோல் முதலிய நம் பக்கத்துத் திமில் மாடுகளே அவ்வினத்தின் முன்னோர். அன்று ‘வெள்ளை அவுஸ்திரேலியா’க் கொள்கை ஆசிய மனிதனுக்குக் கதவடைத்திருந்தது, ஆசிய மாட்டின் வழித்தோன்றலுக்கோ தடையில்லை!

குரிண்ஜி மக்களின் நிலை யாரும் அறியாததன்று. 1944ல், உழைப்பாளர் தொகை குறைந்துவருவதைக் கண்ட வெஸ்டி நிறுவனமே, ஆள் பெருக்கும் வழி காணுமாறு மானிடவியலாளரான பெர்ண்ட் தம்பதியரை அமர்த்தியது. பண்ணைகளைச் சுற்றிவந்த அவர்கள் கண்டவை போதாத உணவும், தகரமும் சாக்கும் கொண்டு வேய்ந்த குடில்களும், சிசுக்களின் மரணமும் ஆகும். மாவு, சீனி, தேயிலை, எலும்போடு கூடிய இறைச்சி ஆகியவையே உழைப்பின் பெரும்பகுதிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டன. மந்தை ஏன் பெருகவில்லை என்று ஆராயும் கண்ணோடு மனிதரை ஆராயச் சொன்னவர்களுக்கு இந்த விடை உவப்பாக இருந்திராது. அவ்வாய்வு நூலாக வெளிவந்தது 1987ல்.

ஆதிக்குடி மேய்ப்பருக்கும் சம வேதனம் வேண்டுமென்று வட அவுஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், 1966 மார்ச்சில் நடுவர் ஆணைக்குழு அக்கோரிக்கையை ஏற்றது; ஆனால் அது நடைமுறைக்கு வருவதை 1968 டிசெம்பருக்குத் தள்ளிவைத்தது. பண்ணை முதலாளிமாருக்காக வாதாடியவர் ஜோன் கேர். அப்பெயரை வாசகர் மனத்திற் கொள்க.

1966 ஓகஸ்ட் 23ல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் மேய்ப்பரும், வீட்டுப் பணியாட்களும், குழந்தைகளுமாக ஏறத்தாழ 200 பேர் பண்ணையை விட்டு நடந்தனர். முதலில் ஆற்றுப்படுகையிலும், அடுத்த ஆண்டில் டகுராகு என்னும் இடத்திலும் தங்கினர். சங்கத்தின் ஆதிக்குடி அமைப்பாளர் டெக்ஸ்ரர் டானியல்ஸ், பொதுவுடைமை எழுத்தாளர் பிராங் ஹார்டி ஆகியோரும் தென்னக நகரங்களின் தொழிற்சங்கத்தினரும் துணைநின்றனர். கூலிக்கான போராட்டமாகவே வெளியோர் இதைக் கருதினர். ஆனால் 1967ல் ஆளுநர் நாயகத்துக்கு அனுப்பிய மனுவில் அம்மக்கள் கேட்டது நிலம், ஏறத்தாழ 500 சதுரமைல். மனு நிராகரிக்கப்பட்டது. அவர்கள் அங்கிருந்து அசையவில்லை.

நிலம் கேட்டது எத்துணை கூர்மையான அறிவு என்பதைப் பின்வந்தவை காட்டின. சம வேதனம் சட்டமானதும் பல பண்ணையார் மேய்ப்பரைக் குடும்பத்தோடு வெளியேற்றினர்; மந்தை திரட்டும் பணியை நாளடைவில் ஹெலிகொப்டர்கள் ஏற்றன. கூலியை மட்டும் வென்றவன் வேலையை இழந்து நகரத்து எல்லையிற் குந்தியிருந்தான். வேதன உயர்வையே முழு வெற்றியாக எண்ணும் நம் தொழிற்சங்க நண்பர்கள் இதை ஆற அமரச் சிந்திக்கவேண்டும்.

1975 ஓகஸ்ட் 16ல் பிரதமர் விற்லம் டகுராகுவுக்கு வந்து, லிங்கியாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை வார்த்தார். ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீற்றர் நிலம் குத்தகையாகக் கையளிக்கப்பட்டது. மூன்று மாதம் செல்லுமுன், நவம்பர் 11ல், விற்லம் பதவி நீக்கப்பட்டார். நீக்கிய ஆளுநர் நாயகம் அதே ஜோன் கேர்.

குத்தகை முழு உரிமையாக மாறியது 1986ல். லிங்கியாரி 1988 ஜனவரியிற் காலமானார். வேவ் ஹில் பண்ணையின் எஞ்சிய நிலத்தில் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றருக்குக் குரிண்ஜி மக்களதும் அயற்குடிகளதும் பூர்வீக உரித்தைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020 செப்டெம்பரில் ஏற்றது. அந்நிலத்தில் வேட்டையாடவும், உணவு சேகரிக்கவும், சடங்கு நடத்தவும், பிள்ளைகளுக்குத் தம் மரபைக் கற்பிக்கவும் அவர்களுக்கு உரித்துண்டு. மேய்ச்சற் குத்தகையும் அதனுடன் தொடர்கிறது. 1966ல் நடந்து சென்றோரிற் பெரும்பாலோர் அத்தீர்ப்பைக் கேட்க உயிருடன் இல்லை.