பிறந்த ஊரும் கப்பலேறிய ஊரும்

அண்மையில் என் ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் குடும்ப மரம் வரையும் ஒப்படைப்பு ஒன்றைக் கொடுத்திருந்தேன். மாணவர் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குக் கீழே, "பிறந்த ஊர்: நாகப்பட்டினம்" என்று எழுதி, சான்றாகப் பழைய ஆவணம் ஒன்றின் படியையும் ஒட்டியிருந்தார். நானும் சரியென்று குறியிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அம்மாணவரின் தந்தையாருடன் பாட்டியாரும் வந்திருந்தார். பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் நாகப்பட்டினம் சென்று மூன்று நாள் தெருத்தெருவாக விசாரித்தும் உறவினர் எவரையும் காண முடியவில்லை என்று தந்தையார் வருத்தத்துடன் கூறினார். அருகில் அமர்ந்திருந்த பாட்டியார் மெல்லச் சொன்னார்: "நாகப்பட்டினத்துல எங்க அப்பா கப்பல் ஏறுனாரு, டீச்சர். பொறந்தது அங்க இல்ல. என்னைய யாரும் கேக்கலையே."

அச்சொற்கள் என்னை உறுத்தின. கேட்காதவர்களில் நானும் ஒருவர் அல்லவா? ஆவணத்தில் உள்ள ஊர்ப்பெயரை எவ்வாறு படிப்பது என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

முதலாவது, துறைமுகம். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழர்களுள் மிகப் பலர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவர்கள். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பலும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகவே சிங்கப்பூருக்கு வந்தது. "எங்கிருந்து வருகிறாய்?" என்று அதிகாரி கேட்டபோது, வந்தவர் கப்பலேறிய ஊரைச் சொல்லியிருக்கலாம், அதுவே பிறந்த ஊராகவும் பதிவாகியிருக்கலாம். இது நமக்கு மட்டும் நேர்ந்த குழப்பம் அன்று. அயர்லாந்திலிருந்து அமெரிக்கா சென்றோரின் வழித்தோன்றல்களும் இதே சிக்கலைச் சந்திக்கின்றனர். பலர் கப்பலேறிய 'குயின்ஸ்டவுன்' துறைமுகத்தின் பெயரே இன்று 'கோவ்' என மாறிவிட்டது.

இரண்டாவது, எழுத்து. நாகப்பட்டினம் 'நெகபட்டாம்' ஆயிற்று. தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆயிற்று. திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாப்பொலி', திருநெல்வேலி 'டின்னவெல்லி', இராமநாதபுரம் 'ராம்நாட்', செங்கற்பட்டு 'சிங்கல்புட்' ஆயின. பரங்கிப்பேட்டைக்குப் 'போர்ட்டோ நோவோ' என்றும் தரங்கம்பாடிக்கு 'டிராங்குபார்' என்றும் பெயர். பேரூர்களுக்கே இந்நிலை எனில், எழுத்தர் காதால் கேட்டு எழுதிய சிற்றூர்ப் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய பெயரைக் கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே பயன் தரும்.

மூன்றாவது, அப்பெயர் எதனைக் குறிக்கிறது என்பது. 'மதராஸ்' என்று ஆவணத்தில் இருந்தால் அது சென்னை நகராக இருக்க வேண்டியதில்லை. அன்றைய சென்னை மாகாணம் தமிழ்ப் பகுதிகளோடு ஆந்திரக் கடற்கரை, மலபார், தென் கன்னடம் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. ஆகவே அச்சொல்லை மட்டும் கொண்டு ஒருவர் தமிழ்ப் பகுதியில் பிறந்தவர் என்றுகூட உறுதி செய்ய இயலாது. 'டாஞ்சூர்' என்பதும் பெரும்பாலும் மாவட்டத்தையே குறிக்கும். பெரிய கோயில் உள்ள நகரையே குறிப்பதாகக் கொள்ளுதல் கூடாது.

நான்காவது, எல்லை மாற்றம். பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்கள் ஆயின. இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. ஆகவே 'ராம்நாட்' என்று பதிவான நகரத்தார் ஒருவரின் காரைக்குடியையோ தேவகோட்டையையோ இன்று சிவகங்கை மாவட்டத்தில் தேட வேண்டும். புதுக்கோட்டையோ 1948 வரை தனிச் சமஸ்தானம். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இவ்வூர்களில் பிறந்தோரைப் பிரிட்டிஷ் மாவட்டப் பதிவேடுகளில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

சிங்கப்பூருக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு கடையநல்லூர். அவ்வூரார் பலர் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். 1946இல் அவர்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை இயங்கியதைத் தமிழாசிரியர் பலரும் அறிவர். அவர்களின் முன்னோர் ஆவணங்களில் காண்பது 'டின்னவெல்லி'. ஆனால் கடையநல்லூர் 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர் இடம்பெயரவில்லை, மாவட்டத்தின் பெயரே மாறியது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், மாவட்டம், தாலுகா, ஊர் எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நம் வீடுகளிலோ பெரும்பாலும் கிடைப்பது ஒற்றைச் சொல். எஞ்சியவை முதியோர் நினைவில்தான் உள்ளன.

அவர்களிடம் "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்தச் சந்தைக்குப் போனார்கள், எந்த நிலையத்தில் இரயில் ஏறினார்கள், எந்த ஆறு, குலதெய்வம் எங்கே, எந்தத் தர்காவுக்கு அல்லது தேவாலயத்துக்கு நேர்ந்துகொண்டார்கள், பெண் கொடுத்து எடுத்தது எந்த ஊரில் என்று கேளுங்கள். பழைய கடிதங்களின் உறைகளைத் தூக்கி எறியாதீர்கள்; ஆவணம் சொல்லாத அஞ்சலகத்தின் பெயரையும் தாலுகாவையும் உறையில் உள்ள முகவரி சொல்லும்.

அன்று அப்பாட்டியாரிடம் நானும் அவ்வாறே கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "நீடாமங்கலத்துல ரயில் ஏறி நாகப்பட்டினம் வந்ததா அப்பா சொல்லுவாரு. ஏரிக்கரையில ஐயனார் கோயில் இருக்குமாம்" என்றார். நீடாமங்கலம் அன்று தஞ்சை மாவட்டம். இன்று திருவாரூர் மாவட்டம். நாகப்பட்டினத்துக்குச் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள சந்திப்பு நிலையம் அது. மூன்று நாள் அலைந்தும் கிடைக்காத தடயம் மூன்று நிமிடத்தில் கிடைத்தது.

ஊரின் பெயர் இன்னும் தெரியவில்லை. மாணவர் தம் வரைபடத்தைத் திருத்தி, "கப்பலேறிய ஊர்: நாகப்பட்டினம். பிறந்த ஊர்: நீடாமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூர், பெயர் தேடுகிறோம். சொன்னவர்: என் பாட்டி" என்று எழுதி வந்தார். முன்பு நான் இட்ட குறியை அடித்துவிட்டு, இம்முறை மனநிறைவோடு சரியென்று குறியிட்டேன்.