மகனும் மாணாக்கனும்: பிள்ளையார்பட்டித் தபதியர் மரபு

ஆலயப் பணி புரிவோரை மயமதம் நால்வராக வகுக்கிறது. முழுப் பணிக்கும் பொறுப்பேற்பவர் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு குறிப்பவர் சூத்திரக்கிராகி. கல்லும் மரமும் வெட்டுபவர் தட்சகர். வெட்டியவற்றை இணைப்பவர் வர்த்தகி. இவர்களுள் சூத்திரக்கிராகி, ஸ்தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருத்தல் வேண்டும் என்பது அந்நூலின் விதி. குலத்தொழில் என்றே பேசப்பட்டு வந்த சிற்பக்கலையில் மகனுக்கு நிகராக மாணாக்கனையும் வைத்த இவ்விதியை நம் காலத்தில் நிறுவன வடிவில் நிலைநிறுத்திய பெருமை, வைத்தியநாத ஸ்தபதிக்கும் அவர்தம் மைந்தர் கணபதி ஸ்தபதிக்கும் உரியது.

1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றபோது தந்தையார் அதன் முதல் தலைவரானார். 1927இல் பிள்ளையார்பட்டியில் பிறந்து, காரைக்குடி அழகப்பர் கல்லூரியில் கணிதம் பயின்ற மைந்தர், பின்னர் அந்நிலையத்தை 27 ஆண்டுகள் நடத்தினார். கணிதம் பயின்றது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் சிற்பக் கல்விக்கு அதனினும் பொருத்தமான முன்பயிற்சி வேறில்லை.

ஏனெனில், படிமக் கலையின் உயிர்நிலை தாலமானம் எனப்படும் அளவு முறையாகும். 12 அங்குலம் கொண்டது ஒரு தாலம். இங்கு அங்குலம் என்பது அளவுகோலின் அங்குலமன்று. படிமத்தின் உயரத்தையே வகுத்துப் பெறும் கூறு. சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் உயரம் 124 கூறுகளாகப் பகுக்கப்பெறும். தேவியர்க்குரிய மத்திம தசதாலத்தில் 120. விநாயகருக்குரிய பஞ்சதாலத்தில் 60. 5 அடி 2 அங்குல உயரமுள்ள சிவன் படிமத்தில் ஒரு கூறு அரை அங்குலம் வரும். அதனை எட்டாகப் பகுத்தால் ஒரு யவை. கல்லின் நடுவே பிரம்மசூத்திரம் என்னும் நேர்க்கோட்டை இட்டு, அதிலிருந்து இருபுறமும் இக்கூறுகளைக் குறித்த பின்னரே உளி கல்லைத் தொடும். பட்டறையில் தந்தையின் கையைப் பார்த்தே பழகிய இவ்வொழுங்கு, வகுப்பறையில் யாரும் கற்கத்தக்க பாடமாயிற்று. 1978இல் வெளிவந்த கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ அதனைத் தமிழில் முறைப்படுத்தியது.

குமரி முனையில் கணபதி ஸ்தபதி அமைத்த 133 அடி வள்ளுவர் சிலையும் அதன் அதிகாரக் கணக்கும் யாவரும் அறிந்தவை. அவ்வளவு பெரிய கருங்கல் உருவத்திலும் இடையில் மெல்லிய ஒசிவு அமைந்திருப்பது, அளவு அறிந்த கைக்கே கூடிய அருமையாகும்.

அப்பயிற்சி நிலையமே வளர்ந்து உருவான மாமல்லபுரக் கல்லூரியில் இன்று மரபுக் கட்டடக்கலையும் சிற்பமும் பட்டப்படிப்புகளாக உள்ளன. திருப்பணிக் குழுவினர் சிமென்டுக்கும் வண்ணப்பூச்சுக்கும் விலைப்புள்ளி கோருமுன், அங்குப் பயின்ற ஒருவரை அழைத்துத் தம் கோயிலின் அளவுகளைப் பதிவு செய்வித்தல் வேண்டும்.