வாங்காதவர்கள் தீர்த்த வழக்கு: புளூ-ரே, எச்.டி. டி.வி.டி. போட்டி (2002–2008)

1. ஆய்வின் கேள்வி

உயர் தெளிவுத் திரைப்படங்களை வீட்டுக்குள் கொண்டுவர இரண்டு வட்டு முறைகள் மோதின. சோனி, மட்சுஷிடா, பிலிப்ஸ் முதலியவற்றின் புளூ-ரே ஒருபுறம். தோஷிபா, என்.இ.சி. உருவாக்கிய எச்.டி. டி.வி.டி. மறுபுறம். இரண்டும் ஒரே நீல ஊதா லேசரைப் பயன்படுத்தின, ஒரே மூன்று காணொளிச் சுருக்க முறைகளை ஏற்றன, 1080 வரிகள் கொண்ட ஒரே படத்தைத் திரைக்கு அனுப்பின. ஆயினும் ஒன்றின் வட்டு மற்றதன் கருவியில் ஓடாது.

இந்தப் போட்டியின் முடிவுக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: புளூ-ரேயின் கொள்ளளவு கூடுதல்; சோனியின் பிளேஸ்டேஷன் 3 அதை வீடுகளுக்குள் நுழைத்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் எச்.டி. டி.வி.டி. ஏன் 2008 பிப்ரவரியில், அதுவும் ஏழே வாரங்களுக்குள் சரிந்தது என்பதை இவை விளக்கவில்லை. இரண்டையும் வாங்காமல் ஒதுங்கி நின்ற பெரும்பான்மையே அந்த முடிவை வரவழைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. ஒளியியல்: அரை மில்லிமீட்டர் வேறுபாடு

நீல ஒளிக்கான அடித்தளம் ஜப்பானின் தொக்குஷிமாவில், நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா செய்த வேலை. பிரகாசமான நீல எல்.இ.டி.யை 1993இல் சந்தைக்குத் தந்த அவர், அடுத்த சில ஆண்டுகளில் நீல ஊதா லேசரையும் உருவாக்கினார். நீல எல்.இ.டி.க்காக 2014இல் அகசாகி, அமானோ இருவருடன் சேர்ந்து இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். குறுந்தகட்டின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளமுடையது, டி.வி.டி.யுடையது 650, புதிய இரு முறைகளுக்கும் 405.

அலைநீளம் குறைந்தால் லேசர் புள்ளி சிறுக்கும். அதைச் சிறுக்க இன்னொரு வழியும் உண்டு: ஒளியை அகன்ற கோணத்தில் குவிக்கும் லென்ஸ். இந்தக் குவிப்புத் திறனைக் குறிக்கும் எண் டி.வி.டி.யில் 0.60, எச்.டி. டி.வி.டி.யில் 0.65, புளூ-ரேயில் 0.85. புள்ளியின் விட்டம் அலைநீளத்தை இந்த எண்ணால் வகுத்த ஈவைப் பொறுத்தது. கணக்கிட்டால் டி.வி.டி.க்கு 1083, எச்.டி. டி.வி.டி.க்கு 623, புளூ-ரேக்கு 476 என்று வரும். கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் கூடும் என்பதால், எச்.டி. டி.வி.டி. பழைய டி.வி.டி.யைப் போல மூன்று மடங்கும், புளூ-ரே ஐந்து மடங்குக்குச் சற்று மேலும் கொள்ள வேண்டும். உண்மை நிலவரமும் இதை ஒட்டியதே: டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட், எச்.டி. டி.வி.டி.யில் 15, புளூ-ரேயில் 25. இரண்டு அடுக்குகளில் 30க்கு 50.

அப்படியானால் தோஷிபா ஏன் 0.85 லென்ஸை எடுக்கவில்லை? வட்டு சற்றே சாய்ந்தாலும் ஒளிப்புள்ளி ஒருபக்கமாக இழுபட்டுச் சிதறும். கோமா எனப்படும் இந்தப் பிழை, லேசர் ஊடுருவ வேண்டிய பிளாஸ்டிக்கின் தடிமனோடு நேராகவும், லென்ஸ் எண்ணின் மும்மடியோடும் வளரும். அலைநீளம் குறையக் குறையக் கூடும். டி.வி.டி.யில் அந்தத் தடிமன் 0.6 மில்லிமீட்டர். அதே தடிமனில் 0.85 லென்ஸைப் பொருத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. புளூ-ரே பொறியாளர்கள் தகவல் அடுக்கை மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொண்டுவந்து இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். மேற்சொன்ன உறவின்படி டி.வி.டி.யின் சாய்வுப் பிழையை 1 என்று கொண்டால், எச்.டி. டி.வி.டி.க்கு ஏறத்தாழ 2, புளூ-ரேக்கு 0.76. பழமையை ஒட்டிய பாதுகாப்பான வடிவமைப்பு என்று பேசப்பட்ட எச்.டி. டி.வி.டி.தான் சாய்வுக்கு அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது. இந்த முரண் அக்காலப் பத்திரிகை விவாதங்களில் அதிகம் பேசப்படவில்லை.

புளூ-ரே இதற்குக் கொடுத்த விலை வேறு. தகவல் மேற்பரப்பை ஒட்டி இருப்பதால் கீறலும் கைரேகையும் அதைக் கெடுக்கும். 2003 ஏப்ரலில் ஜப்பானில் சோனி விற்ற முதல் பதிவுக் கருவி, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த வட்டுகளையே ஏற்றது. டி.டி.கே. நிறுவனம் 2004இல் காட்டிய கடினப் பூச்சுதான் அந்தக் கூட்டைத் தேவையற்றதாக்கியது. மேலும் 0.1 மில்லிமீட்டர் மேலடுக்கைப் பிசிறின்றிப் பூசப் புதிய இயந்திரங்கள் வேண்டும். எச்.டி. டி.வி.டி.யோ இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டிச் செய்வது. இயங்கிக்கொண்டிருக்கும் டி.வி.டி. ஆலையைச் சிறு செலவில் மாற்றிக்கொள்ளலாம்.

3. 1995இன் கணக்கு

பொறியியல் வேறுபாடு மட்டும் பகையை விளைவிக்காது. பின்னால் காப்புரிமை வருவாய் இருந்தது. டி.வி.டி.யும் பிறக்கும்போது இரட்டையாகத்தான் பிறந்தது. தோஷிபாவும் டைம் வார்னரும் முன்வைத்த எஸ்.டி. ஒன்று, சோனியும் பிலிப்ஸும் முன்வைத்த எம்.எம்.சி.டி. மற்றொன்று. ஐ.பி.எம். உள்ளிட்ட கணினி நிறுவனங்கள் இரண்டில் எதையும் ஏற்க மாட்டோம் என்று அழுத்தம் கொடுக்கவே, 1995 செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. ஒட்டிய தகடு தோஷிபா பக்கத்திலிருந்தும், தகவலைக் குறியீடாக்கும் முறை சோனி, பிலிப்ஸ் பக்கத்திலிருந்தும் வந்தன. குறியீட்டு முறை மாறியதால் 5 ஜிகாபைட்டாக இருந்திருக்க வேண்டிய வட்டு 4.7 ஆனது. நாம் இருபதாண்டுகள் உச்சரித்த அந்த விந்தையான எண் ஒரு சமரசத்தின் வடு.

அந்தச் சமரசத்தில் மேலோங்கியது தோஷிபா அணி. டி.வி.டி. தரநிலைகளை வகுத்த டி.வி.டி. மன்றத்தில் தோஷிபாவின் குரலும், உரிமத்தொகையில் அதன் பங்கும் பெரிதாக இருந்தன. ஆனால் 2002 பிப்ரவரி 19 அன்று புளூ-ரேயை அறிவித்த ஒன்பது நிறுவனங்களின் பட்டியலில் சோனி, பிலிப்ஸ், சாம்சங், எல்.ஜி., ஷார்ப் ஆகியவற்றோடு மட்சுஷிடா, ஹிட்டாச்சி, பயனியர், தாம்சன் ஆகியவையும் இருந்தன. இந்தக் கடைசி நான்கும் 1995இல் தோஷிபாவின் தோழமைகள். அவை டி.வி.டி. மன்றத்துக்கு வெளியே போய்க் கூட்டணி கட்டியது தோஷிபாவைத் தனிமைப்படுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் தோஷிபாவும் என்.இ.சி.யும் தங்கள் முறையை மன்றத்தில் முன்வைத்தன. 2003 நவம்பரில் மன்றம் அதற்கு எச்.டி. டி.வி.டி. என்ற பெயரோடு ஒப்புதல் தந்தது.

2005இல் ஒருமைப்பாட்டுக்கான பேச்சு நடந்தது. 0.1ஆ, 0.6ஆ என்ற இடத்திலேயே அது நின்றுபோனது. நடுவில் 0.35 என்று ஒரு தடிமனைத் தேர்ந்து சமாதானமாக முடியாது. எதைத் தேர்ந்தாலும் ஒரு தரப்பின் காப்புரிமைகளும் ஆலை முதலீடும் வீணாகும். அதோடு, 1995இல் தட்டிக் கேட்ட கணினித் துறையும் இம்முறை பிளவுபட்டுக் கிடந்தது. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் எச்.டி. டி.வி.டி. பக்கம், டெல், ஆப்பிள் புளூ-ரே பக்கம்.

4. சந்தையில்

தோஷிபாவின் முதல் கருவி 2006 மார்ச் 31 அன்று ஜப்பானிலும், ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் விலை 499 டாலர். அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை நிறுவனம், உதிரிபாகங்களின் செலவே 674 டாலர் என்று மதிப்பிட்டது. அதாவது ஒவ்வொரு பெட்டியும் நட்டத்தில் போனது. ஜூன் இறுதியில் வந்த சாம்சங்கின் புளூ-ரே கருவி 999 டாலர்.

தொடக்கத்தில் எச்.டி. டி.வி.டி.யே மேலான பொருள் என்பது என் கணிப்பு. எல்லாக் கருவியிலும் இணைய இணைப்பு, படத்தின் மேல் சிறு சாளரத்தில் இன்னொரு படம் காட்டும் வசதி ஆகியவை கட்டாயம். மண்டலப் பூட்டு கிடையாது. புளூ-ரேயோ அரைகுறையாக வந்தது. சாளர வசதி 2007 நவம்பருக்குப் பிறகு வந்த கருவிகளுக்குத்தான் கட்டாயமானது. இணையம் அதற்கும் அடுத்த நிலை. ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’ போன்ற முதல் வட்டுகள் பழைய எம்.பெக்-2 சுருக்கத்தில், ஓரடுக்கு வட்டில் வந்து, படத் தரத்துக்காக வாங்கிக்கட்டிக்கொண்டன. கொள்ளளவு ஐம்பது என்ற விளம்பரத்துக்கும் கடையில் கிடைத்ததற்கும் அவ்வளவு தூரம்.

இதைப் புரட்டிப் போட்டது பிளேஸ்டேஷன் 3. 2006 நவம்பரில் 499, 599 டாலர் விலைகளில் வந்த அந்த விளையாட்டுக் கருவியின் ஒவ்வொரு பெட்டியிலும் புளூ-ரே இயக்கி இருந்தது. 599 டாலர் மாதிரியின் உற்பத்திச் செலவு 840 டாலர் என்று அதே ஐசப்ளை கணித்தது. நீல லேசர் போதாமல் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. சோனி தன் விளையாட்டுத் துறையின் முதன்மையையே இந்த வட்டுக்குப் பணயம் வைத்தது என்று சொல்வது மிகையாகாது. மைக்ரோசாஃப்ட் அவ்வளவு தூரம் போகவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்.டி. டி.வி.டி. இயக்கியை 199 டாலர் தனிப் பெட்டியாக விற்றதோடு சரி. தனியாக விற்பதை வாங்குபவன், ஏற்கெனவே முடிவெடுத்தவன் மட்டுமே.

2007இல் அமெரிக்காவில் விற்ற உயர் தெளிவு வட்டுகளில் இரண்டு புளூ-ரேக்கு ஓர் எச்.டி. டி.வி.டி. என்ற அளவில் விகிதம் நிலைத்தது.

5. படநிறுவனங்களின் அச்சம்

சோனிக்கு அதன் பழைய வீடியோ நாடா முறையான பீட்டாமேக்ஸின் தோல்வி கற்றுத்தந்த பாடம், படங்கள் கையில் இல்லாமல் கருவி விற்க முடியாது என்பது. 1989இல் கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது, 2005இல் எம்.ஜி.எம்.மை வாங்கிய கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கியது. ஆக, போர் தொடங்கும் முன்பே இரண்டு பட நூலகங்கள் அதன் பக்கம். டிஸ்னி, ஃபாக்ஸ், லயன்ஸ்கேட் சேர்ந்தன. யுனிவர்சல் மட்டும் எச்.டி. டி.வி.டி.யோடு. பாரமவுண்டும் வார்னரும் இரண்டிலும் வெளியிட்டன.

ஃபாக்ஸ் போன்றவற்றை ஈர்த்ததில் கொள்ளளவைவிடப் பூட்டுக்குப் பங்கு அதிகம். ஏ.ஏ.சி.எஸ். என்ற திருட்டுத் தடுப்பு இரு முறைகளுக்கும் பொது. புளூ-ரேயில் அதற்கு மேல் பி.டி.+ என்ற இரண்டாம் பூட்டும், உலகை மூன்றாகப் பிரிக்கும் மண்டலக் குறியீடும் இருந்தன. ஏ.ஏ.சி.எஸ். திறவுகோல் ஒன்று 2007 மே மாதம் இணையமெங்கும் பரவி, நீக்க நீக்கப் பெருகியபோது, இரண்டாம் பூட்டு வைத்திருந்தவர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் பி.டி.+உம் உடைந்தது. ஆனால் ஒப்பந்தங்கள் பூட்டின் உறுதியால் அல்ல, உறுதி பற்றிய நம்பிக்கையால் கையெழுத்தாகியிருந்தன.

2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்.டி. டி.வி.டி.க்கு மட்டும் என மாறின. இதற்காகச் சுமார் 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகைகள் கைமாறியதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படங்கள் இந்த ஏற்பாட்டில் அடங்கா. நவம்பரில் வால்மார்ட் தோஷிபா கருவியைச் சில மணி நேரத்துக்கு 100 டாலருக்கும் கீழே விற்றது. தோஷிபா வென்றுவிடும் என்றுகூட அந்த இலையுதிர் காலத்தில் தோன்றியது.

என் பார்வையில் அந்த மலிவு விற்பனையே அதன் பலவீனத்தைக் காட்டியது. தோஷிபாவைத் தவிர எச்.டி. டி.வி.டி. கருவி செய்வோர் அநேகமாக இல்லை. ஒரே நிறுவனம் நட்டத்தில் விற்கும் சந்தைக்குள் வேறெந்த நிறுவனம் வரும்? எதிர் அணியில் சோனி, சாம்சங், பானசோனிக், பயனியர் எனப் பலர் ஒருவரோடொருவர் போட்டியிட்டனர்.

6. ஏழு வாரங்கள்

இரு தரப்பும் எண்ணிக்கை காட்டிக்கொண்டிருக்க, பொதுமக்கள் டி.வி.டி.யோடு நிறைவாக இருந்தார்கள். இரட்டைக் கருவிகள் (எல்.ஜி.யின் முதல் இரட்டைக் கருவி 1,199 டாலர்), ஒரு பக்கம் புளூ-ரே மறுபக்கம் எச்.டி. டி.வி.டி. என வார்னர் 2007 தொடக்கத்தில் அறிவித்துக் கடைசிவரை வெளியிடாத வட்டு, எதுவும் அவர்களை அசைக்கவில்லை. தவறான பெட்டியை வாங்கிவிடுவோமோ என்ற தயக்கம் இரு முறைகளையும் சேர்த்தே முடக்கியது. அதே 2007இல் அமெரிக்காவில் டி.வி.டி. விற்பனையும் இறங்கத் தொடங்கியது. படநிறுவனங்களுக்கு வலித்தது இங்கேதான்: பழைய வருவாய் வற்றுகிறது, புதியது ஊறவில்லை.

வார்னர் 2008 ஜனவரி 4 அன்று, லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சிக்குச் சற்று முன்பு, இனி புளூ-ரே மட்டும் என அறிவித்தது. அது சொன்ன காரணம் வாடிக்கையாளர் குழப்பம். கொள்ளளவையோ படத் தரத்தையோ அது முன்னிறுத்தவில்லை. டி.வி.டி.யைத் தோஷிபாவோடு சேர்ந்து ஈன்ற நிறுவனம் அது. 1990களில் டைம் வார்னரின் கேளிக்கைப் பிரிவில் தோஷிபா 50 கோடி டாலர் முதலிட்டிருந்தது. அந்தப் பழைய உறவும் நிற்கவில்லை.

எச்.டி. டி.வி.டி. குழு கண்காட்சியில் நடத்தவிருந்த பத்திரிகையாளர் சந்திப்பை ரத்துசெய்தது. பிப்ரவரி 11இல், வட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் புளூ-ரே மட்டும் வாங்குவதாகச் சொன்னது. அன்றே மின்னணுக் கடைத்தொடரான பெஸ்ட் பை தன் வாடிக்கையாளருக்குப் புளூ-ரேயைப் பரிந்துரைத்தது. 15இல் வால்மார்ட் விலகியது. 19ஆம் தேதி தோஷிபா தலைவர் அட்சுதோஷி நிஷிதா எச்.டி. டி.வி.டி. தொழிலை நிறுத்துவதாக அறிவித்தார். புளூ-ரே அறிவிப்பு வெளியாகிச் சரியாக ஆறாண்டு.

7. இந்தியச் சந்தை

இந்தப் போரின் ஓசை இந்தியாவில் கேட்டது குறைவு. புளூ-ரே உலகை வகுத்தபோது இந்தியா சி மண்டலத்தில் விழுந்தது. 2007இல் இங்கே பிளேஸ்டேஷன் 3இன் விலை 39,990 ரூபாய். அதே ஆண்டில் நொய்டாவின் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் படங்கள் உட்பட உரிமம் பெற்ற படங்களின் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. இங்கே உண்மையான போட்டி திருட்டு வி.சி.டி.க்கும் மலிவு அசலுக்கும் இடையே நடந்தது.

8. வென்றவரின் பங்கு

தோஷிபா 2009 ஆகஸ்டில் புளூ-ரே சங்கத்தில் சேர விண்ணப்பித்து, அவ்வாண்டே தன் முதல் புளூ-ரே கருவியை விற்றது. ஆனால் காத்திருந்தவர்கள் எல்லாரும் புளூ-ரேக்கு வந்துவிடவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2007 ஜனவரியிலேயே இணையவழித் திரையிடலைத் தொடங்கியிருந்தது. சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரே கருவிகள் செய்வதை நிறுத்தியது. வீட்டில் பதிவுசெய்யும் புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது. போர் முடிந்து பத்தாண்டு கழிந்த 2018இல்கூட, அமெரிக்காவில் விற்ற வட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை 4.7 ஜிகாபைட் காலத்து டி.வி.டி.க்களே.