கஞ்சாப் பிசினும் சாராயமும்: காயல்பட்டினத்திலிருந்து ஒரு விசாரணை

தாமிரவருணி கடலிற் கலக்குமிடத்துக்கு அணித்தாயுள்ள காயல்பட்டினம், ஷாஃபிஈ மத்ஹபை (இஸ்லாமியச் சட்ட மரபை)த் தழுவியோர் நிறைந்த ஊராகவும் மதுக்கடைக்கு இடங்கொடாத ஊராகவும் பிரசித்தி பெற்றிருப்பதால், கஞ்சாவைச் சாராயத்திற் கரைத்துச் செய்யும் டிங்சர் என்னும் ஔஷதத்தின் விசாரணையை அங்கிருந்து தொடங்குவது விநோதமாகத் தோன்றலாம்; ஆயினும் கரைக்கும் திரவம் வேறு, கரைந்து நிற்கும் மருந்து வேறு என்னும் பேதத்தை இரசாயனிகளுக்கு நெடுங்காலம் முன்னரே தீர்க்கமாய் ஆராய்ந்தவர்கள் அவ்வூரார் பின்பற்றும் மத்ஹபின் சட்டவாணர்களே என்பது என் துணிபு.

கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ப்ரூக் ஓஷானஸி 1839-இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இம்மருந்தை ஐரோப்பிய வைத்தியத்துக்கு அறிமுகப்படுத்தியது. பிசின் செறிந்த கஞ்சாப் பூந்தலைகளைச் சாராயத்திற் காய்ச்சி, அதை வற்றவைத்து எடுத்த பிசினில் 3 கிரெயினை (ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம்) ஒரு டிராம் (சிறியதொரு திரவ அளவை) சாராயத்திற் கரைப்பது அவர் முறை. தனுர்வாத நோயாளிக்கு இசிவு அடங்கும்வரை அரைமணிக்கு ஒரு டிராம் புகட்டுவது அவர் விதித்த அளவு. ஆனால் அவர் எழுதியவற்றுள் நெஞ்சைத் தொடுவது வேறொன்று: வெறிநாய்க்கடியால் தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய ஒரு ஹகீமுக்கு மணிதோறும் 2 கிரெயின் பிசினை உருண்டையாகவே கொடுக்க, அம்மனிதர் பிழைக்கவில்லையெனினும், அவஸ்தை தணிந்து பழச்சாற்றை விழுங்கும் நிலைக்கு வந்தார். அந்த உருண்டையில் சாராயம் இல்லை.

கஞ்சாவின் வீரியப்பொருள் நீரில் ஏறக்குறையக் கரையாது. சாராயத்திலும் கொழுப்பிலும் நன்கு கரையும். நம் சித்த வைத்தியர்கள் கஞ்சாவை நெய்யில் வறுத்து லேகியமாக்கியது கரைசல், உஷ்ணம் என்னும் இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றியது. பச்சை இலையிலுள்ள அமிலம் சூட்டினால்தான் வீரியமுள்ள டி.எச்.சி. ஆகிறது என்பதை இக்காலத்தார் அறிந்தபின், அந்த வறுவலை வெறும் சம்பிரதாயமென்று தள்ள இயலாது.

இனி அந்த ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு (சட்ட) நூல்களைப் பார்ப்போம். 13-ஆம் நூற்றாண்டின் இமாம் நவவீ, ஹஷீஷ் (கஞ்சா) விலக்கப்பட்டதே எனினும் மதுவைப்போல் நஜீஸ் (அசுத்தம்) அன்று என்றார். 16-ஆம் நூற்றாண்டின் கதீப் ஷிர்பீனியோ, தனி மதுவை மருந்தாகக் கொள்ளலாகாதெனினும், மற்றச் சரக்குகளோடு கலந்து கரைந்துபோனதை, தூய மாற்று மருந்து கிடையாதபோது கொள்ளலாமென்று இடந்தந்தார். ஆக, இந்த மரபில் டிங்சரைப் பற்றிய முதல் சங்கடம் கஞ்சாவினால் வருவதன்று, சாராயத்தினால் வருவது!

அரசாங்கச் சட்டம் இப்பேதத்தைக் காணவில்லை. 1937-ஆம் ஆண்டுச் சென்னை மதுவிலக்குச் சட்டம் மதுவையும் கஞ்சாவையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமோ கஞ்சாவின் சாற்றையும் டிங்சரையும் ‘மருத்துவக் கஞ்சா’ என்று வரையறுத்து, ‘உற்பத்தி செய்யப்பட்ட மருந்து’ வகையிற் சேர்த்தது. பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து 1932-இலேயே நீங்கிவிட்ட ஒரு சரக்குக்குச் சட்டத்தில் மட்டும் பெயர் நிலைத்திருக்கிறது. அந்த நீக்கத்துக்கு முக்கிய ஹேது, புட்டிக்குப் புட்டி வீரியம் மாறியதே. வீரியப்பொருளைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் காவோனி, மெக்கூலம் என்னும் இரசாயனிகள் இருவரும் தெளிவாக்கியது 1964-இல்தான்.

இன்று அளவு நிச்சயமான மருந்துகள் உண்டு. ஸேட்டிவெக்ஸ் என்னும் மருந்தில் மில்லிலிட்டருக்கு 27 மில்லிகிராம் டி.எச்.சி.யும் கஞ்சாவின் மற்றொரு பொருளான சி.பி.டி. 25 மில்லிகிராமும் சாராயக் கலவையிற் கரைந்துள்ளன. குழந்தைகளின் கடும் வலிப்புக்கு அமெரிக்காவில் 2018-இல் அங்கீகாரம் பெற்ற எபிடியோலெக்ஸோ, சிறிது சாராயம் சேர்ந்ததாயினும், நல்லெண்ணெயையே ஆதாரமாகக் கொண்டது. ட்ராவெ, லெனாக்ஸ்–கஸ்டாட் போன்ற சில வலிப்பு நோய்களில் இதன் பயன் ஒழுங்கான பரிசோதனைகளால் நிலைநாட்டப்பட்டிருப்பதால், ஷிர்பீனியின் நிபந்தனைகளை வைத்து இதை எடைபோட ஒரு முஃப்திக்கு இடமிருக்கிறது. களவாக வந்த கஞ்சாவை ஸ்பிரிட்டில் ஊறவைத்து ‘சர்வரோக நிவாரணி’யென்று விற்பவனுக்கு அந்த வாதம் உதவாது, அவன் புட்டியில் எத்தனை கிரெயின் உண்டென்பதை அவனே அறியான்.