நமங்கா எல்லை

நைரோபியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதி, ஏறக்குறைய 160 கிலோமீற்றர் கடந்ததும் நமங்கா என்னும் சிற்றூரை அடைகின்றது. அங்கே கென்யா முடிந்து தன்சானியா தொடங்குகின்றது. இருபுறத்து மண்ணும் முட்புதரும் ஒரே தன்மையன. ஆநிரை மேய்க்கும் மாசாய் மக்களும் இருபுறமும் ஓரினத்தவரே. சொந்த வண்டியோட்டி வருபவன் அவ்விடத்தில் நிற்க நேர்வது இயற்கையின் ஆணையால் அன்று, வரலாற்றின் ஆணையாலேயாம்.

அவ்வாணை 1886 ஆம் ஆண்டில் பிறந்தது. ஆங்கிலேயரும் ஜேர்மனியரும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, உம்பா ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை ஒரு கோடு இழுக்கப்பட்டது. அக்கோடு கிளிமஞ்சாரோ மலையருகே வளைந்து, மலையை ஜேர்மனியர் பக்கம் விட்டுச் செல்கின்றது. விக்டோரியா மகாராணியார் தம் பேரனாகிய வில்லியம் பேரரசருக்கு அம்மலையைப் பிறந்தநாட் பரிசாக அளித்தார் என்பது கட்டுக்கதையே. பேரனார் அரியணை ஏறியது 1888 இலேயே ஆகும். கோடு எவ்வாறு வளைந்தாலும், மாசாய் மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர்.

முதலாம் உலகப் போரின் பின் தங்கனீக்கா பிரித்தானியரின் பொறுப்பாட்சிக்கு உட்பட்டது. இருபுறமும் ஒரே ஆட்சி நிலவவே, கோட்டின் கடுமை தளர்ந்தது. விடுதலை பெற்ற பின்னரும் கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளும் 1967 இல் கிழக்காபிரிக்கச் சமூகத்தை அமைத்தன. புகையிரதம், துறைமுகம், தபால், விமான சேவை ஆகியன மூன்று நாடுகளுக்கும் பொதுவாயின. அதன் தலைமையகம் நமங்காவுக்குத் தெற்கே அருஷா நகரில் இருந்தது.

ஆயினும், வருவாயைப் பங்கிடுவதில் பிணக்கு வளர்ந்தது. உகண்டாவில் 1971 இல் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் தலைவர்கள் ஒன்றுகூடுவதும் அரிதாயிற்று. 1977 இல் சமூகம் சிதைந்தது. அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் தன்சானியா எல்லையை மூடியது. அந்நாட்டினுள் அகப்பட்ட கென்ய வண்டிகள் பல தடுத்துவைக்கப்பட்டன. உறவினரும் வணிகரும் கூப்பிடு தொலைவில் இருந்தும் பிரிந்தனர். 1983 நவம்பரிலேயே எல்லை மீண்டும் திறக்கப்பட்டது.

மாசாய் மாரா, செரங்கெட்டி ஆகிய இரு வனங்களுக்கும் இடையேயிருந்த வண்டிப்பாதையோ, 1977 இன் பின்னர் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவேயில்லை. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான காட்டுமான்கள் மழையைத் தொடர்ந்து அதே கோட்டைக் கடக்கின்றன. அவற்றைக் காணவரும் மனிதனோ நெடுந்தூரம் சுற்றியே மறுபுறம் செல்லவேண்டும்.

1999 இல் புதிய உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சமூகம் மறுபிறவி எடுத்தது. 2018 இல் நமங்காவில் ஒருங்கிணைந்த எல்லை நிலையம் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. முன்னர் இருபுறமும் இரு நிலையங்களில் நின்ற வண்டி, இப்பொழுது நுழையும் நாட்டின் நிலையத்தில் மட்டும் நிற்கின்றது. அங்கே இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ் இருந்து கடவுச்சீட்டு, வண்டியின் பதிவுப் பத்திரம், தற்காலிக இறக்குமதி அனுமதி, மஞ்சள் அட்டை எனப்படும் காப்புறுதிச் சான்று ஆகியவற்றைப் பரிசோதிக்கின்றனர்.

வண்டியோட்டிக்கு அக்கடதாசிகள் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால், 1977 இல் தடைபட்டு நின்றவர்களிடமும் கடதாசிகள் இருந்தன. அவற்றை மதிக்கும் நட்பே அற்றுப்போயிருந்தது. கோடு 1886 இல் வரைந்த கோடேதான். அது கதவாவதும் சுவராவதும் இருபுறத்தாரின் மனத்தைப் பொறுத்ததாகும்.