அசோ: ஒரு பெயரின் நெடும்பயணம்

அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் யிங் கே என்ற வேதியியலாளரின் ஆய்வுக்குழு 2019இல் ஒரு புதிய டிடர்ஜென்ட்டை அறிமுகப்படுத்தியது. செல்லுக்குள் கிடக்கும் புரதங்களைக் கரைத்து வெளியே எடுப்பது அதன் வேலை. வேலை முடிந்தபின் புறஊதா ஒளியைக் காட்டினால் சிதைந்துவிடும். முழுப்பெயர் 4-ஹெக்சில்ஃபீனைல் அசோசல்ஃபோனேட்; ஆய்வகத்தில் கூப்பிடும் பெயர் அசோ. இந்த இரண்டெழுத்துப் பெயர் அந்தப் பொருளைவிட இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

காற்றில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜனை 1772இல் பிரித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான டேனியல் ரூதர்ஃபோர்டு. அதற்கு ‘அசோட்’ என்ற பெயர் பாரிசில் பிறந்தது. லவாய்சியர், கீடன் த மோர்வோ, பெர்த்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய வேதியியலாளர் நால்வரும் 1787இல் வெளியிட்ட வேதிப் பெயரிடல் நூலில் அது இடம்பெற்றது. கிரேக்கத்தில் ‘சோயே’ என்றால் உயிர். முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கும். இந்த வாயு மட்டும் அடைத்த கலத்துக்குள் விட்ட பிராணி மூச்சுமுட்டிச் செத்தது. ஆகவே உயிர் இல்லாதது. ஜெர்மானியர்களும் இதே வழியில் ‘ஷ்டிக்ஷ்டோஃப்’, அதாவது மூச்சடைக்கும் பொருள், என்றார்கள். கரியமில வாயுவிலும் பிராணி சாகத்தான் செய்யும், அப்படியிருக்க இதற்கு மட்டும் ஏன் இந்தப் பெயர் என்று அன்றைக்கே கேள்வி எழுந்தது. 1790இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷப்தால் ‘நைத்ரோழேன்’ என்று மாற்றுப்பெயர் கொடுத்தார். ஆங்கிலம் அதை எடுத்துக்கொள்ள, பிரெஞ்சும் ரஷ்யமும் துருக்கியும் பழைய பெயரையே வைத்துக்கொண்டன.

உயிரற்றது என்று பெயர் பெற்ற இந்தத் தனிமம் இல்லாமல் ஒரு புரதம்கூடக் கிடையாது. நம் உழவர்கள் இதே தனிமத்தைத் தழைச்சத்து என்கிறார்கள். பாரிசில் கண்ணாடிக் கலத்துக்குள் பார்த்தவர்களுக்குச் சாவு தெரிந்தது. வயலில் பார்த்தவர்களுக்கு இலை தழைப்பது தெரிந்தது. இரண்டில் எது பொருத்தமான பெயர் என்று கேட்டால், தயங்காமல் தழைச்சத்து என்பேன்.

அந்தப் பிரெஞ்சுப் பெயரும் நம் வயலுக்கு வந்திருக்கிறது. ஆறிய கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்யும் அசோஸ்பைரில்லம், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குப் பிடித்துத் தரும் சுருள்வடிவ நுண்ணுயிரி. அதன் முதல் பாதி இந்த அசோட்தான். நெல்வயலில் மிதக்கும் அசோலாவை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அதுவும் தழைச்சத்து தரும் என்பதால் எளிதில் குழம்பிவிடலாம். ஆனால் இயற்கையியலாளர் லாமார்க் அதற்குப் பெயரிட்டது 1783இல், அசோட் என்ற சொல் அச்சேறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. அசோலா என்ற பெயரின் வேர், காய்ந்தால் செத்துப்போகும் செடி என்ற பொருள் தரும் வேறு கிரேக்கச் சொற்கள்.

வேதியியலுக்குள் இந்தப் பெயர் குறுகி ‘அசோ’ ஆனது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து, இருபுறமும் ஒவ்வொரு கரிமத் துண்டைப் பிடித்திருந்தால் அது அசோ. நைட்ரஜன் இணையின் ஒருபுறம் மட்டும் கரிமம் இருந்தால் டைஅசோ. இந்த டைஅசோ சேர்மங்களை 1858இல் கண்டறிந்தவர் பீட்டர் கிரீஸ். பின்னர் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஒரு பீர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே ஆய்வையும் விடாமல் செய்தவர். அவர் திறந்துவிட்ட வழியில்தான் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அசோ சாயங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றான காங்கோ சிவப்பு, அமிலாய்டு என்னும் புரதப் படிவுகளைச் சாயமேற்றிக் காட்ட நோய்க்குறியியல் ஆய்வகங்களில் இன்றும் பயன்படுகிறது.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம். அங்கே ‘அசோ ஃப்ரீ’ என்றால்தான் வெளிநாட்டுப் பையர்கள் துணியை வாங்குவார்கள். சில அசோ சாயங்கள் உடலில் ஒடுக்கமடைந்து உடையும்போது புற்றுநோய் உண்டாக்கும் அமீன்கள் வெளிப்படுகின்றன என்பதால் ஜெர்மனி 1994இல் அவற்றுக்குத் தடை கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல், துணியில் ஒவ்வோர் அமீனும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. கவனிக்க வேண்டியது: தடை எல்லா அசோ சாயங்களுக்கும் அல்ல, உடைந்தால் அந்த அமீன்களைத் தருபவற்றுக்கு மட்டும். துணியின் சீட்டில் அச்சாகும் ‘அசோ ஃப்ரீ’ என்ற சொல் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. ஒரு குடும்பப் பெயரே குற்றப் பெயராகிவிட்டது.

சாயத்தில் அச்சத்துக்குக் காரணமான அந்த உடைதல், புரத ஆய்வகத்தில் வரமாக வந்திருக்கிறது. செல்லின் சவ்வில் பதிந்த புரதங்கள் நீரில் கரையா. அவற்றைக் கரைக்கப் பல காலமாகக் கைகொடுப்பது எஸ்.டி.எஸ். என்ற டிடர்ஜென்ட். ஷாம்புவிலும் பற்பசையிலும் நுரை வர வைக்கும் அதே பொருள். புரதங்களை மின்புலத்தில் பிரிக்க 1970இல் லெம்லி தந்த முறைக்குப் பிறகு, அது இல்லாத புரத ஆய்வகம் இல்லை. ஒரு கிராம் புரதத்தை ஏறக்குறைய 1.4 கிராம் எஸ்.டி.எஸ். போர்த்திக்கொள்ளும். ஆனால் விடாது. கரைசலை அப்படியே, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைமானிக்குள் அனுப்பினால், புரதத்தின் சமிக்ஞையை எஸ்.டி.எஸ். அமுக்கிவிடும். கழுவி அகற்றப் பார்த்தால் அரிய புரதமும் கூடவே போகும். எடுத்த திசு இதயத்தின் ஒரு சிறு துணுக்காக இருக்கும்போது இந்த இழப்பு மிகப் பெரிது. அதனால்தான் வேலை முடிந்ததும் பிளக்கக்கூடிய டிடர்ஜென்ட்களைத் தேடினார்கள். அமிலம் பட்டதும் பிளவுபடும் ராபிஜெஸ்ட் அந்த வரிசையில் முன்னால் வந்தது. புரதத்தை நொதியால் துண்டாக்கிப் படிக்கும் முறைக்கு ஏற்றது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது: விரைவு, செரிமானம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒட்டு.

யிங் கே குழுவுக்குப் புரதம் முழுதாக வேண்டும். துண்டாக்கினால், அதன் மேல் எந்தெந்த இடத்தில் பாஸ்பேட் முதலிய மாற்றங்கள் சேர்ந்தே அமைந்திருந்தன என்ற செய்தி சிதறிப்போகும். அவர்களுடைய அசோ, எஸ்.டி.எஸ்ஸுக்கு இணையாகப் புரதங்களைக் கரைக்கிறது. ஆறு கரிமம் கொண்ட எண்ணெய் நாட்டமுள்ள வால் ஒரு முனையில், நீர் நாட்டமுள்ள சல்ஃபோனேட் தலை மறு முனையில். நடுவே கிரீஸ் காலத்து நைட்ரஜன் இணை. ஒளி பட்டதும் தலையும் வாலும் பிரிகின்றன. அபாயமான சாயம் உடையும்போது இரண்டு நைட்ரஜனும் ஆளுக்கொரு துண்டில் தங்கி அமீனாகின்றன. இங்கே இரண்டும் சேர்ந்தே நைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடுகின்றன. வால் ஹெக்சில்ஃபீனாலாகவும் தலை ஹைட்ரஜன் சல்பேட்டாகவும் எஞ்சுகின்றன. இவை புரதத்தின் சமிக்ஞையை மறைப்பதில்லை.

ஒரே பெயரைப் பார்த்து அபாயமான சாயத்தையும் இந்த டிடர்ஜென்ட்டையும் ஒன்றென்று எண்ணுபவர்கள், பிணைப்பு எந்த இடத்தில் அறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த அசோவைக் கையாளுகிறவர்களின் கவலை வேறு: புரதம் கரைந்து முடியும்வரை கரைசலை வெளிச்சம் படாமல் வைத்திருக்க வேண்டும்.